முதல் குவாட்காப்டர்: கட்டியதும் மேம்படுத்தியதும்

முதன்முதலாக ஒரு குவாட்காப்டர், அதாவது நான்கு மோட்டார் ட்ரோன், கட்டப் போகிறவர்கள் 5 அங்குல ரேஸிங் ஃப்ரேமில் ஆரம்பிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் வேகமும் நெருக்கமும் கற்றுக்கொள்ளத் தோதாக இருக்காது. நான் எடுத்தது எஃப்450 வகை ஃப்ரேம். எதிரெதிர் மூலை மோட்டார்களுக்கு நடுவே 450 மில்லிமீட்டர் இடைவெளி, நான்கு பிளாஸ்டிக் கைகள், நடுவில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டே மின்சாரத்தை நான்கு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட் போர்டாக இருக்கும். கை உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். கைகள் இரண்டு நிறங்களில் வருவதால், முன்பக்கத்துக்கு ஒரு நிறம், பின்பக்கத்துக்கு ஒரு நிறம் என்று பூட்டிவிட்டால் தூரத்தில் பறக்கும்போது அதன் முகம் எந்தப் பக்கம் என்று தெரியும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ட்ரோன் உங்களைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது இடமும் வலமும் மாறிப்போகும். அந்த நேரத்தில் இந்த நிற வித்தியாசம்தான் கை கொடுக்கும்.

இந்த ஃப்ரேமுக்குப் பழக்கமான பாகங்களையே போட்டேன்: 2212 அளவில் 920கேவி மோட்டார்கள், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி நான்கு, 1045 ப்ரொப்பல்லர்கள், 3எஸ் (தொடராக மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருள் ஓடும் ஒரு பிக்ஸ்ஹாக் கட்டுப்பாட்டு போர்டு, ஜிபிஎஸ், ஆறு சேனல் ரிமோட். 2212 என்றால் மோட்டாருக்குள் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் 22 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் கொண்டது. 920கேவி என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று. 1045 என்பது 10 அங்குல விட்டம், 4.5 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்). இந்தச் சேர்க்கையில் ஒரு மோட்டார் ஏறக்குறைய 700 கிராம் தூக்கும். நான்கும் சேர்ந்தால் 2.8 கிலோ. கேமரா எதுவும் இல்லாமல் என் ட்ரோன் 1.2 கிலோ. மொத்த இழுவிசை எடையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் கீழே போனால், காற்றடிக்கும்போது ஒரு பக்கத்தைத் தூக்கி நிமிர்த்த மோட்டாரிடம் மிச்ச சக்தி இருக்காது. வாங்கும் முன்பே ஒரு காகிதத்தில் ஒவ்வொரு பாகத்தின் எடையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் அது வேண்டியிருக்கும்.

கட்டும் வேலையில் நிதானம் தேவைப்படுவது சால்டரிங்கில்தான். கீழ்த்தட்டின் செம்புப் பட்டைகள் வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடும். சின்ன அயர்னை வைத்து ரொம்ப நேரம் அழுத்தினால் மேலே சால்டர் உருகிய மாதிரி தெரியும், அடியில் ஒட்டியிருக்காது. 60 வாட் அயர்ன், அகலமான முனை, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம் இருந்தால் வேலை சுலபம். முதலில் பட்டையிலும் கம்பி முனையிலும் தனித்தனியே சால்டர் ஏற்றிக்கொண்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து உருக்க வேண்டும். ஆறியபின் பளபளப்பாக, கம்பியின் மேல் வழுவழுவென்று படர்ந்திருந்தால் சரி. உருண்டையாக மேலே குந்தியிருந்தால் மறுபடி சூடாக்குங்கள். பறக்கும்போது ஒரே ஒரு இணைப்பு விட்டுப்போனாலும் அந்த மோட்டார் நிற்கும். நான்கில் ஒன்று நின்றால் குவாட்காப்டர் அப்படியே கவிழும்.

பேட்டரியைச் செருகும் முன் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மோட்டாரைக் கையோடு பூட்டும் ஸ்க்ரூக்களின் நீளத்தையும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அதிகமானாலும் நுனி உள்ளே போய்ச் சுருள் கம்பியைத் தொட்டுவிடும். முதலில் ஒன்றும் தெரியாது. அதிர்வில் எனாமல் உரிந்து பிறகுதான் ஷார்ட் ஆகும். மோட்டாரைப் பூட்டிய பிறகு அதன் கம்பிக்கும் ஸ்க்ரூ தலைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தால், எனாமல் ஏற்கெனவே உரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இஎஸ்சியிலிருந்து போர்டுக்கு வரும் மூன்று கம்பிச் செருகியில் நடுவே உள்ள சிவப்பு 5 வோல்ட் கம்பி. போர்டுக்குப் பவர் மாட்யூல் தனியாக மின்சாரம் தருவதால், நான்கு இஎஸ்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு 5 வோல்ட் தர வேண்டியதில்லை. அந்தச் சிவப்புக் கம்பிகளைச் செருகியிலிருந்து உருவி டேப் சுற்றிவிட்டேன்.

இனி வருபவை எல்லாம் ப்ரொப்பல்லர் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. 10 அங்குல ப்ரொப்பல்லர் விரலை ஆழமாக வெட்டிவிடும். மேசை மேல் சோதிக்கும் ட்ரோனுக்கு அது தேவையும் இல்லை.

ஆர்டுபைலட்டின் எக்ஸ் அமைப்பில் மோட்டார் 1 முன் வலம், 2 பின் இடம், 3 முன் இடம், 4 பின் வலம். 1, 2 இரண்டும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். 3, 4 கடிகாரத் திசையில். பீட்டாஃப்ளைட் என்ற இன்னொரு பறப்பு மென்பொருளில் இந்த எண் வரிசை வேறு. ஒன்றுக்கான படத்தைப் பார்த்து இன்னொன்றைக் கட்டினால் தரையை விட்டு எழும்பும்போதே ட்ரோன் புரண்டுவிடும். திசை தப்பாக இருந்தால் மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். ஆர்டுபைலட்டைக் கணினியில் அமைக்க உதவும் மிஷன் பிளானரில் ஒவ்வொரு மோட்டாராகச் சுழற்றிப் பார்க்கும் வசதி உண்டு. அங்கே அது மணிமுள் வரிசையில் ஏ, பி, சி, டி என்று சுழற்றும், 1, 2, 3, 4 என்று அல்ல. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வீண் குழப்பம் இல்லை.

எல்லாம் சரியா என்று பார்க்க நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ப்ரொப்பல்லர் இல்லாமல் ஆர்ம் செய்து (மோட்டார்கள் சுற்ற அனுமதி கொடுத்து), ட்ரோன் தானே நிமிர்ந்துகொள்ளும் ஸ்டெபிலைஸ் மோடில் த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, கொஞ்சம் ஏற்றி, ட்ரோனைக் கையில் பிடித்து ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்க மோட்டார்களின் சத்தம் கூட வேண்டும், எதிர்ப்பக்கம் குறைய வேண்டும். முன், பின், இடம், வலம் நான்கிலும் அப்படி நடந்தால் மோட்டார் வரிசை, போர்டு வைத்த திசை இரண்டும் சரி. மோட்டார் சுற்றும் திசையை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துடிப்பின் நீளத்தை வைத்து வேகத்தை அறியும் சாதாரண பிடபிள்யூஎம் இஎஸ்சிகளுக்கு அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். சிக்னல் 1000 முதல் 2000 மைக்ரோசெகண்ட் வரை போகும். எது பூஜ்யம், எது முழு வேகம் என்பதில் நான்கும் ஒரே எண்ணத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மோட்டார் முந்தியும் இன்னொன்று பிந்தியும் சுற்ற ஆரம்பிக்கும். டிஷாட் என்ற டிஜிட்டல் முறையில் ஓடும் இஎஸ்சிகளுக்கு இந்த வேலையே இல்லை. இன்று வாங்குகிறவர்கள் அதையே வாங்கலாம்.

ரிமோட் தொடர்பு போனால் போர்டு தானாக எடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கையான ஃபெயில்சேஃப்பையும் மேசையிலேயே சோதித்துவிடுங்கள். ஆர்ம் செய்து த்ராட்டிலை ஏற்றிவிட்டு ரிமோட்டை அணைக்க வேண்டும். போர்டு அதைக் கவனித்து ஃபெயில்சேஃப்புக்குப் போகிறதா என்று பாருங்கள். சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்த பிறகும் கடைசியாக வந்த மதிப்பையே அனுப்பிக்கொண்டிருக்கும். ரிமோட் செத்துப்போனதே போர்டுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ரிசீவரில், தொடர்பு போனால் த்ராட்டில் சிக்னல் 975 மைக்ரோசெகண்டுக்குக் கீழே இறங்கும்படி ரிமோட்டிலேயே அமைத்துக் கொடுக்க வேண்டும். ஆர்டுபைலட் அந்த எண்ணைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது.

முதல் பறப்புக்குக் காற்றில்லாத நேரம், ஆளில்லாத திறந்தவெளி. பல நாடுகளில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்குப் பதிவும் விதிகளும் உண்டு. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ட்ரோனை மெல்ல மெல்ல உயர்த்தப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்த உயரத்தில்தான் அது மிக மோசமாக ஆடும். ப்ரொப்பல்லர் தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி மேலே வரும். அதனால் தயங்காமல் ஒரு மீட்டருக்கு மேல் எழுப்பிவிட வேண்டும். அங்கே போனதும் அது தானாகவே அமைதியாகும். வாலை உங்கள் பக்கம் வைத்தே நிறுத்திப் பழகுங்கள். கணினியில் சிமுலேட்டரில் சில மணி நேரம் பழகிவிட்டு வந்ததால் என் விரல்களுக்கு இது புதிதாக இல்லை. செலவில்லாத பயிற்சி அது.

பறந்தது. அப்புறம்தான் மேம்படுத்தும் ஆசை வரும், எல்லோருக்கும் வருவதுதான். பெரிய பேட்டரி, கேமரா, அதை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் என்று மனம் ஓடும். என் அனுபவத்தில் பணம் போகாத மேம்படுத்தல்தான் முதலில் வர வேண்டும்: அதிர்வைக் குறைப்பது.

எனக்கு அது தெரிய வந்தது, உயரத்தைத் தானே பிடித்து நிற்கும் ஆல்ட் ஹோல்ட் மோடில். த்ராட்டில் குச்சி நடுவில் இருக்கிறது, அதாவது இருக்கும் உயரத்திலேயே நிற்க வேண்டும். ட்ரோனோ நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போனது. ஸ்டெபிலைஸுக்கு மாற்றியதும் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. போர்டு பதிந்து வைத்த லாகை எடுத்துப் பார்த்தால் வைப் என்ற பகுதியில் மேல்கீழ் அதிர்வு 60 மீ/வி²ஐத் தாண்டி நின்றது, கிளிப் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருந்தது. முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டர் தன்னால் அளக்க முடிந்த எல்லையைத் தொட்டுத் தொட்டு வெட்டுப்பட்டால் அதன் சராசரி தப்பாகிவிடும். கீழே இறங்குகிறோம் என்று போர்டு நினைத்துக்கொள்ளும், ஈடுகட்ட த்ராட்டிலைக் கூட்டும். ஆர்டுபைலட்காரர்கள் சொல்லும் அளவு இது: 30க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை, 60க்கு மேல் போனால் உயரம், இடம் இரண்டையும் பிடித்து நிற்பதில் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சிக்கல் வரும்.

இதைச் சரிசெய்யும்போது நான் கடைப்பிடித்த ஒழுங்கு ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஸ்டெபிலைஸில் அதே ஒரு நிமிட ஹோவர் (ஓரிடத்தில் மிதப்பது), அதே மாதிரி பேட்டரி, பிறகு லாக். மூன்றை ஒரேயடியாக மாற்றிவிட்டால் எது உதவியது என்று சொல்லவே முடியாது. முதலில் ப்ரொப்பல்லர்களைச் சமன்செய்தேன். காந்தத்தில் நிற்கும் சின்ன பேலன்சரில் மாட்டினால் கனமான இறகு கீழே சாயும். லேசான இறகின் மேல்பக்கம் துண்டு செல்லோடேப் ஒட்டி, கிடைமட்டமாக நிற்கும் வரை அதை வெட்டிக் குறைக்க வேண்டும். இறகு சமமாக இருந்தும் நடுமுடிச்சு ஒரு பக்கம் கனத்துக் கிடப்பதுண்டு. செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால் அது தெரியும். அதிர்வு பெருமளவு குறைந்தது இதில்தான்.

அடுத்து மோட்டார்கள். ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாகச் சுழற்றினேன். மூன்றில் காந்தத்தின் இழுப்பு மட்டும் தெரிந்தது. பின் இடத்து மோட்டாரில் அதோடு மணல் அரைபடுவது போன்ற ஒரு நரநரப்பு. புதிதாக வந்த மோட்டாரிலேயே பேரிங் சரியில்லை. பேரிங்கை மாற்றியபின் அதிர்வு இன்னும் ஒரு படி இறங்கியது. கடைசியாகத்தான் போர்டுக்கு அடியில் மெத்தை. கெட்டியான ஃபோம் துண்டுகள் நான்கு மூலையிலும். ரொம்ப மிருதுவான மெத்தையில் வைத்தால் போர்டே தனியாக ஆட ஆரம்பிக்கும், ட்ரோன் நடுங்கும். அதிர்வு எங்கிருந்து பிறக்கிறதோ அங்கே அடக்காமல், மெத்தையை மட்டும் நம்பக் கூடாது. எல்லாம் முடிந்தபோது எண் 20க்குக் கீழே வந்துவிட்டது. ஆல்ட் ஹோல்டில் வைத்த இடத்தில் நின்றது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் அறியும் பாரோமீட்டர் மேல் காற்றும் வெளிச்சமும் நேராகப் படாமல் ஒரு சின்ன ஃபோம் துண்டும் போட்டேன். அந்த சென்சார் வெளிச்சத்துக்கும் சலனப்படும்.

அதற்குப் பிறகு, ஓரிடத்தைப் பிடித்து நிற்க வேண்டிய லாய்ட்டர் மோடில் வேறொரு தொல்லை. ட்ரோன் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடித்தது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. ஜிபிஎஸ் மேல்தான் சந்தேகம் வரும். குற்றவாளியோ பெரும்பாலும் திசைகாட்டி. வடக்கு எது என்பதில் போர்டுக்குப் பிசகு வந்தால், கிழக்கே போக நினைத்து வடகிழக்கே போகும். திருத்தப் போய் இன்னும் விலகும். இந்த ஃப்ரேமில் கீழ்த்தட்டு முழுக்க மின்சாரம் ஓடுகிறது. த்ராட்டில் கூடக்கூட அந்த மின்சாரத்தின் காந்தப்புலமும் கூடும், திசைகாட்டி திரும்பும். அதனால்தான் தரையில் எல்லாம் சரியாகக் காட்டியது. ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் சேர்ந்த அந்த வட்டப் பெட்டியை ஒரு கம்பத்தில் ஏற்றித் தட்டிலிருந்து தள்ளி வைத்தேன். பேட்டரியின் பிளஸ், மைனஸ் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். எதிரெதிர்த் திசை மின்சாரங்களின் புலம் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். அப்புறம் திசைகாட்டியை மறுபடி அளவுத்திருத்தம் செய்து, மோட்டார் மின்சாரம் திசைகாட்டியில் எவ்வளவு குறுக்கிடுகிறது என்று அளக்கும் காம்பஸ்மாட் சோதனையும் ஓட்டினேன். குறுக்கீடு 30 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. வட்டம் நின்றது. வீடு திரும்பும் ஆர்டிஎல் மோடை இதற்குப் பிறகுதான் நம்பிப் போட்டேன். அதில் திரும்பும் உயரம் வழக்கமாக 15 மீட்டர் என்று இருக்கும். பக்கத்தில் அதைவிட உயரமான மரம் இருந்தால் மாற்றி வையுங்கள்.

அதிர்வு அடங்கிய பிறகே ட்யூனிங். நிமிடத்துக்கு 5,400 சுற்றில் ஹோவர் என்றால் ப்ரொப்பல்லரின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 90. அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டால், சுழற்சியை அளக்கும் கைரோவுக்கு வரும் இரைச்சல் வெட்டுப்படும், அதன் பிறகு பறந்தபடியே தானாக ட்யூன் செய்யும் ஆட்டோட்யூன் நல்ல எண்களைக் கண்டுபிடிக்கும். காற்றில்லாத நாளில், முழு பேட்டரியோடு ஓட்டுங்கள். போர்டு எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் பிஐடி எண்களைக் கையால் மாற்றுகிறவர்கள் இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பி அதிகமானால் ட்ரோன் வேகமாக நடுங்குவது கண்ணுக்கே தெரியும். டி அதிகமானால் கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் கொதிக்கும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். பெரிய பேட்டரி போட்டால் அதே விகிதத்தில் நேரம் கூடும் என்று நினைப்பது இயல்பு. 2200 எம்ஏஎச் பேட்டரி சுமார் 180 கிராம். 5200 போட்டால் சுமார் 400 கிராம்; ட்ரோன் 1.2 கிலோவிலிருந்து 1.42 கிலோவாகும். ஹோவருக்கு வேண்டிய மின்திறன் எடையின் 1.5 அடுக்கில் (பவரில்) ஏறும். அப்படியானால் மின்செலவு கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடும். கொள்ளளவு 2.36 மடங்கானாலும் நேரம் 1.84 மடங்குதான். 8 நிமிடம் பறந்தது 14, 15 நிமிடம் பறக்கும். இது நல்ல லாபம்தான். ஆசைப்பட்டு அதே மாதிரி இன்னொரு பேட்டரியையும் சேர்த்துக் கட்டினால் எடை 1.82 கிலோ, இழுவிசை விகிதம் 1.5க்கு இறங்கிவிடும். அந்த ட்ரோனைக் காற்றில் நான் பறக்க விட மாட்டேன்.

எந்த பேட்டரியானாலும் பறக்கும்போது ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வந்தால் இறக்கிவிடுகிறேன், 3எஸ்ஸில் 10.5 வோல்ட். சார்ஜ் செய்வது 1சியில் (கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியரில்), செல்களைச் சமமாக வைக்கும் பேலன்ஸ் முறையில், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே. 2200க்கு 2.2 ஆம்பியர். சில நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் சும்மா கிடந்தால் லிப்போ சீக்கிரம் கெட்டுவிடும். உப்பிய பேட்டரியை மறுபடி உபயோகிப்பதில்லை.

நான் கடைசியாகச் செய்தது 3எஸ்ஸிலிருந்து 4எஸ்ஸுக்குப் போனது. இதில் கணக்கு போடாமல் இறங்கக் கூடாது. வோல்ட் 11.1லிருந்து 14.8 ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ப்ரொப்பல்லர் கேட்கும் மின்திறன் வேகத்தின் கன மடங்கில் ஏறும், அதாவது 2.37 மடங்கு. அதே 10 அங்குலத்தை மாட்டி முழு த்ராட்டில் கொடுத்தால் மோட்டாரும் இஎஸ்சியும் தாங்காது. 9 அங்குலம், அதே 4.5 பிட்ச் என்று இறங்கினால் விட்டம் குறைந்ததே மின்திறனைச் சுமார் 0.59 மடங்காக்கும். இரண்டையும் பெருக்கினால் 1.4 மடங்கு. வோல்ட் 1.33 மடங்கு ஏறியிருப்பதால் ஆம்பியர் ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். இழுவிசை 17 சதவீதம் கூடும். ஒரு மோட்டாருக்கு 700 கிராம் என்பது 820 ஆகிறது.

இஎஸ்சி, பவர் மாட்யூல் இரண்டும் 4எஸ் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆர்டுபைலட்டில் மோட்டாருக்கான அதிகபட்ச பேட்டரி வோல்ட்டை 16.8, குறைந்தபட்சத்தை 13.2 என்று மாற்ற வேண்டும். குறைந்த பேட்டரி எச்சரிக்கையை 14.0க்கு உயர்த்த வேண்டும், பழைய 10.5லேயே விட்டுவிட்டால் எச்சரிக்கை வருவதற்குள் செல்கள் செத்துவிடும். புது ப்ரொப்பல்லர்களையும் சமன்செய்து, அதே ஒரு நிமிட ஹோவர், அதே லாக், பிறகு நாட்ச், பிறகு ஆட்டோட்யூன். இப்போது நான்கும் சேர்ந்து 3.3 கிலோ தூக்குகிறது. 300 கிராமில் ஒரு கிம்பலும் கேமராவும் ஏற்றினாலும் விகிதம் கிட்டத்தட்ட 2ல் நிற்கும். அடுத்து மாட்டப் போவது அதைத்தான்.